பழைய சலவை இயந்திரங்களை மீளமைத்தல்

பழைய சலவை இயந்திரங்களை மீளமைத்தல் என்பது, பல பத்தாண்டுகளுக்கு முன்னர் உற்பத்தி செய்யப்பட்ட துணி துவைக்கும் இயந்திரங்களையும் துணி உலர்த்திகளையும் வாங்கி, பழுது நீக்கி, மீண்டும் இயங்கும் நிலைக்குக் கொண்டுவரும் செயற்பாடு ஆகும். ஐக்கிய அமெரிக்கா, கனடா, ஐக்கிய இராச்சியம் ஆகிய நாடுகளில் இது ஒரு பொழுதுபோக்காக உள்ளது. வீட்டு இயந்திரங்களின் வரலாற்றைப் பாதுகாக்கும் பணியாகவும் சிலர் இதைக் கருதுகின்றனர். 1900 களின் தொடக்கத்தில் வெளிவந்த கையால் இயக்கும் மரத்தொட்டிகள் முதல் 1970 களில் வெளிவந்த தானியங்கி இயந்திரங்கள் வரை இவ்வாறு மீளமைக்கப்படுகின்றன.

இவ்வியந்திரங்களின் வார்ப்பிரும்பு, எஃகு, அலுமினியப் பாகங்கள் நெடுங்காலம் நிலைக்கக்கூடியவை. ரப்பர்ப் பாகங்கள், மின்கம்பிக் காப்புகள், எனாமல் பூச்சு ஆகியவை அவ்வாறு நிலைப்பதில்லை. எனவே கெட்டுப்போன பாகத்துக்கு மாற்றுக் கிடைக்குமா என்பதைப் பொறுத்தே ஓர் இயந்திரத்தை மீளமைக்க முடியுமா என்பது அமைகிறது.

வரலாற்றுப் பின்னணி

பிழியுருளை இயந்திரங்கள்

மின்னோடி பொருத்திய துவைப்பு இயந்திரங்கள் 20 ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஐக்கிய அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. சிகாகோவைச் சேர்ந்த ஹர்லி நிறுவனத்தின் "தோர்" இவற்றுள் பரவலாக அறியப்பட்டது. அயோவா மாநிலத்தின் நியூட்டன் நகரில் 1893 ஆம் ஆண்டு வேளாண் கருவிகள் செய்வதற்காகத் தொடங்கப்பட்ட மேடேக் நிறுவனம், 1907 ஆம் ஆண்டில் கையால் சுழற்றும் மரத்தொட்டி இயந்திரம் ஒன்றை வெளியிட்டது. 1922 ஆம் ஆண்டில் இந்நிறுவனம் வெளியிட்ட "கைரஃபோம்" இயந்திரத்தில், துணியை அசைக்கும் கலக்கி தொட்டியின் அடியில் பொருத்தப்பட்டிருந்தது. ஹோவர்ட் ஸ்னைடர் என்பவர் உருவாக்கிய இவ்வடிவமைப்பு, துணியை மேலிருந்து இழுத்து உரசுவதற்குப் பதிலாக நீரைத் துணியினூடாகச் செலுத்தியது. பின்னாளில் அமெரிக்காவில் பெரும்பான்மையான மேல்திறப்பு இயந்திரங்கள் இம்முறையையே பின்பற்றின.

இக்கால இயந்திரங்களில் துவைத்த துணியை இரண்டு ரப்பர் உருளைகளுக்கு இடையே செலுத்தி நீர் பிழியப்பட்டது. இதனால் இவை பிழியுருளை இயந்திரங்கள் எனப்படுகின்றன. மேடேக் நிறுவனத்தின் பிழியுருளை இயந்திர உற்பத்தி 1983 ஆம் ஆண்டு வரை நீடித்தது. அவற்றின் வார்ப்பு அலுமினியத் தொட்டி துருப்பிடிக்காதது ஆகையால், இன்று மீளமைக்கப்படும் இயந்திரங்களுள் இவ்வகை மிகுதியாகக் காணப்படுகிறது.

1930 களின் நடுப்பகுதியில் அமெரிக்கப் பண்ணைகளுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுக்கே மின்னிணைப்பு இருந்தது. இதனால் காலால் உதைத்து இயக்கும் சிறிய பெட்ரோல் எந்திரம் பொருத்திய துவைப்பு இயந்திரங்களும் விற்கப்பட்டன. மேடேக்கின் ஓர் உருளை, ஈருருளை எந்திரங்களைத் தனியாகச் சேகரித்து இயக்கிக் காட்டுவோரும் உள்ளனர்.

தானியங்கி இயந்திரங்கள்

நீர் நிரப்புதல், துவைத்தல், அலசுதல், பிழிதல் ஆகியவற்றைத் தானாகவே செய்யும் முதல் வீட்டு இயந்திரத்தைப் பெண்டிக்ஸ் நிறுவனம் 1937 ஆம் ஆண்டில் லூசியானா மாநிலக் கண்காட்சியில் காட்டியது. முன்புறம் திறக்கும் இவ்வியந்திரத்தில் அதிர்வு தாங்கும் அமைப்பு இல்லாததால், அதைத் தரையுடன் திருகாணியிட்டுப் பொருத்த வேண்டியிருந்தது.

இரண்டாம் உலகப் போரின் போது வீட்டு இயந்திரங்களின் உற்பத்தி நிறுத்தப்பட்டது. போருக்குப் பின் 1947 ஆம் ஆண்டில் ஜெனரல் எலக்ட்ரிக், ஜெனரல் மோட்டார்ஸின் பிரிவான பிரிஜிடேர், சியர்ஸ் கடைகளில் விற்கப்பட்ட கென்மோர் ஆகிய பெயர்களில் மேல்திறப்புத் தானியங்கிகள் வெளிவந்தன. கென்மோர் இயந்திரத்தைச் செய்தளித்த நிறுவனமே பின்னர் விர்ல்பூல் எனப் பெயர் மாற்றம் பெற்றது. மேடேக் 1949 ஆம் ஆண்டில் தனது முதல் தானியங்கியை வெளியிட்டது.

இவ்வியந்திரங்களின் உள்ளமைப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் பெரிதும் வேறுபட்டது. எடுத்துக்காட்டாகப் பின்வருவனவற்றைக் கூறலாம்.

- விர்ல்பூல், கென்மோர்: மின்காந்தம் பொருத்திய ஆடும் நெம்பு ஒன்று, துவைப்பதற்கும் பிழிவதற்குமான பிடிப்புகளை மாறிமாறி இணைத்தது. வார்ப்பட்டையால் இயங்கிய இவ்வடிவமைப்பு 1980 களின் நடுப்பகுதி வரை தொடர்ந்தது.
- மேடேக்: 1950 களின் பிற்பகுதி முதல் வந்த இயந்திரங்களில் மின்னோடியின் சுழல்திசையே பணியைத் தீர்மானித்தது. ஒரு திசையில் சுழலும்போது கலக்கி இயங்கியது. எதிர்த்திசையில் சுழலும்போது தடை விடுபட்டுக் கூடை சுழன்றது.
- பிரிஜிடேர்: கலக்கி இடவலமாக ஆடுவதற்குப் பதிலாக மேலும் கீழுமாக அசைந்தது.
- ஜெனரல் எலக்ட்ரிக்: 1950 களில் வந்த ஒரு வகையில், கலக்கியின் மேல் வைத்த துளைத்தட்டு வழியாக நீர் சுற்றிவந்து துணிப்பஞ்சு வடிகட்டப்பட்டது.

ஐக்கிய இராச்சியத்தில் ஹூவர் நிறுவனம் வேல்சின் மெர்தர் டிட்வில் நகரில் 1948 ஆம் ஆண்டில் தொழிற்சாலை திறந்து, கைப்பிழியுருளை பொருத்திய சிறிய மின் இயந்திரங்களைச் செய்தது. பின்னர் இரட்டைத்தொட்டி இயந்திரங்கள் அங்கு பரவலாயின. இத்தொழிற்சாலையில் உற்பத்தி 2009 ஆம் ஆண்டில் நின்றது.

உலர்த்திகள்

வடக்கு டகோட்டாவைச் சேர்ந்த ஜே. ராஸ் மூர் என்பவர் உருவாக்கிய சுழலுருளை உலர்த்தியை, விஸ்கான்சின் மாநிலத்தின் ஹாமில்டன் நிறுவனம் 1938 ஆம் ஆண்டில் "ஜூன் டே" என்னும் பெயரில் விற்கத் தொடங்கியது. உருளை, அதைச் சுழற்றும் வார்ப்பட்டை, காற்றாடி, வெப்பமூலம், வெப்பநிலைக் கட்டுப்படுத்தி ஆகியவையே உலர்த்தியின் முதன்மைப் பாகங்கள். துவைப்பு இயந்திரத்தைவிட உள்ளமைப்பு எளிதாயினும், வெப்பமும் துணிப்பஞ்சும் ஒரே இடத்தில் இருப்பதால் தீ ஆபத்து இதில் கூடுதலாகும்.

சேகரிப்போரும் பயன்படுத்துவோரும்

கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற லீ மேக்ஸ்வெல், அம்மாநிலத்தின் ஈட்டன் நகருக்கு அருகில் 1,000 க்கும் மேற்பட்ட துவைப்பு இயந்திரங்களைச் சேர்த்து மீளமைத்தார். நியூட்டன் நகரில் உள்ள ஜாஸ்பர் மாவட்ட வரலாற்று அருங்காட்சியகத்தில் மேடேக் இயந்திரங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. தனிநபர் சேகரிப்பாளர்களுள் பலர், தாம் சிறுவயதில் வீட்டில் கண்ட அதே மாதிரியைத் தேடி வாங்குகின்றனர். 1950 களின் இளஞ்சிவப்பு, நீலப்பச்சை நிற இயந்திரங்களுக்கும், துவைப்பானும் உலர்த்தியும் இணையாகக் கிடைப்பவற்றுக்கும் விருப்பம் மிகுதி.

மீளமைப்பு பொழுதுபோக்கு மட்டுமன்று. பொது மின்வலையமைப்பில் இணைவதைத் தவிர்க்கும் ஆமிஷ் சமூகத்தினர் பலர், பிழியுருளை இயந்திரங்களில் பெட்ரோல் எந்திரத்தையோ அழுத்தக் காற்று மின்னோடிக்கு நிகரான அமைப்பையோ பொருத்தி அன்றாடம் பயன்படுத்துகின்றனர். இவர்களுக்குப் பழைய இயந்திரத்தின் உதிரிப் பாகம் கிடைப்பது வீட்டுத் தேவையாகும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

அமெரிக்க வீடுகளில் சலவை இயந்திரம் பெரும்பாலும் நிலவறையில் வைக்கப்பட்டது. புதிய இயந்திரம் வாங்கிய பின்னரும் கனமான பழைய இயந்திரத்தை மேலே ஏற்றாமல் அங்கேயே விட்டவர்கள் உண்டு. வீட்டு உரிமையாளர் இறந்த பின் நடைபெறும் உடைமை விற்பனைகள், விளம்பரங்கள், பழைய பொருட் கடைகள், இரும்புக் கழிவுக் கிடங்குகள் ஆகியவற்றில் இவை கிடைக்கின்றன. வாங்குமுன் பின்வருவனவற்றைச் சோதிப்பது வழக்கம்.

- தொட்டி: எனாமல் பூச்சு என்பது ஏறத்தாழ 800 பாகை செல்சியசில் எஃகின் மீது உருக்கிப் படியவைத்த கண்ணாடியாகும். இதை வீட்டில் மீண்டும் பூச இயலாது. சிறு உதிர்வை எப்பாக்சிப் பூச்சால் மூடித் துருவைத் தாமதப்படுத்தலாம். துளை விழுந்த தொட்டிக்கு மாற்றுத் தொட்டியே வழி.
- நடு அச்சு: கலக்கியைப் பிடித்து அசைத்தால் அச்சு ஆடக்கூடாது. அச்சைச் சுற்றியுள்ள அடைப்பு வளையம் கசிந்தால் நீர் தாங்கிக்குள் இறங்கி அதைத் துருப்பிடிக்கச் செய்யும். இயந்திரத்தின் அடியில் துருக்கறை இருப்பது இதற்கு அறிகுறி.
- பல்லிணைப்பெட்டி: அடியில் புதிய எண்ணெய்க் கறை இருந்தால் கசிவு உண்டு. எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துள்ளது.
- கலக்கி: பழைய கலக்கிகள் பல பேக்கலைட்டால் ஆனவை. மயிரிழை வெடிப்பு உள்ளதா என விளக்கொளியில் பார்க்க வேண்டும்.
- நேரக்கட்டுப்படுத்தி: இதன் உள்ளே சிறு மின்னோடியும் பல மின்தொடுகைகளும் உள்ளன. பிற மாதிரிகளுடையது பொருந்தாததால், இது இல்லாத இயந்திரத்தை முழுமையாக்குவது கடினம்.
- தனிப் பாகங்கள்: 1960 களின் ஹூவர் கீமேட்டிக் இயந்திரத்தில் துவைக்கும் முறையை ஒரு நெகிழித் தகட்டைச் செருகித் தெரிவு செய்ய வேண்டும். அத்தகடு தொலைந்திருந்தால், மற்றவை நல்ல நிலையில் இருந்தாலும் இயந்திரம் பயன்படாது.

விற்பவர் "ஓடுகிறது" என்று கூறுவது, பெரும்பாலும் மின்னோடி ஒலி எழுப்புகிறது என்பதையே குறிக்கும். நீர் நிரப்பி, துவைத்து, வெளியேற்றி, பிழியும் வரை முழுச் சுற்று ஓட்டிப் பார்க்காமல் கூடுதல் விலை கொடுப்பது முறையன்று. மாறாக, அசையாமல் இறுகிய இயந்திரம் பழைய எண்ணெய் பிசினாக உறைந்ததால் மட்டுமே நின்றிருக்கவும் கூடும்.

இயந்திரத்தை எடுத்துச் செல்லும்போது தொட்டியை அசையாதவாறு கட்ட வேண்டும். பல்லிணைப்பெட்டியில் எண்ணெய் உள்ள இயந்திரத்தை நிமிர்ந்த நிலையிலேயே கொண்டுசெல்வது நல்லது. குளிர்நாடுகளில் வெப்பமற்ற கொட்டகையில் வைப்பதானால், இறைப்பானிலும் நீர்வால்விலும் தேங்கிய நீரை முற்றாக வெளியேற்ற வேண்டும். உறையும் நீர் விரிவடைந்து அவற்றை உடைத்துவிடும். பிழியுருளைகளை அழுத்தத்தில் விட்டுவைத்தால் ரப்பர் தட்டையாகிவிடும் ஆதலால், அழுத்தத்தைத் தளர்த்தி வைக்க வேண்டும்.

மீளமைப்பு முறை

பிரித்தல்

ஒவ்வொரு கம்பியையும் கழற்றுமுன் அதற்குச் சீட்டு ஒட்டி, ஒளிப்படம் எடுத்துக்கொள்வது முதற்படி. பல இயந்திரங்களின் மின்சுற்றுப் படம் பின்தகட்டின் உட்புறம் ஒட்டப்பட்டிருக்கும். அதைப் பிரதி எடுத்த பின்னரே தகட்டைத் தூய்மை செய்ய வேண்டும்.

பிரிப்பதில் பெரும்பாலும் கடினமானது கலக்கியை அச்சிலிருந்து எடுப்பதாகும். பல ஆண்டுச் சோப்புப் படிவும் துருவும் இரண்டையும் பற்றிக்கொண்டிருக்கும். சூடான நீரில் ஊறவைத்து, சிறிது சிறிதாக மேல்நோக்கி இழுத்து எடுப்பதே பாதுகாப்பான முறை. பேக்கலைட்டைச் சுத்தியலால் தட்டினால் உடையும்.

இயக்கப் பாகங்கள்

குண்டுத் தாங்கிகள் பெரும்பாலும் தர அளவுகளில் செய்யப்பட்டவை. அவற்றின் விளிம்பில் பொறித்த எண்ணைக் கொண்டு இன்றும் புதியவற்றை வாங்கலாம். உதட்டு அடைப்பு வளையத்தை உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் ஆகிய மூன்று அளவுகளைக் கொண்டு தேடலாம். வெண்கல உறைத் தாங்கிகள் தேய்ந்திருந்தால் கடைசல் பட்டறையில் புதிதாகச் செய்துகொள்ளலாம். பல்லிணைப்பெட்டியைத் திறந்து பழைய எண்ணெயை மண்ணெண்ணெயால் கழுவி, உற்பத்தியாளர் கையேட்டில் கூறிய வகை எண்ணெயை நிரப்ப வேண்டும்.

வார்ப்பட்டையைத் தேர்வதில் கவனம் தேவை. மேடேக் இயந்திரத்தில் பிழியத் தொடங்கும்போது பட்டை சிறிது வழுக்கி, நிறைந்த கூடை படிப்படியாக வேகம் பெற உதவுகிறது. அதாவது அங்கு பட்டையே பிடிப்பின் பணியையும் செய்கிறது. நீளம் மட்டும் ஒத்த, இறுக்கிப் பிடிக்கும் பொதுவகைப் பட்டையைப் போட்டால் மின்னோடியின் மீது சுமை கூடும்.

மின்பாகங்கள்

துணி அல்லது பழைய ரப்பர்க் காப்புடைய கம்பிகள் வளைத்தால் பொடியும். இவற்றை வெப்பம் தாங்கும் புதிய கம்பிகளால் மாற்றுவது இன்றியமையாதது. மின்வழங்கலுடன் இணைக்குமுன் சுருணைக்கும் உலோக உடலுக்கும் இடையேயான காப்புத்தடையை அளக்க வேண்டும். பின்னர் நீரின்றியும், அதன்பின் நீருடனும், இறுதியில் துணியுடனும் ஓட்டிப் பார்ப்பது வழமையான வரிசை.

பாதுகாப்பு

பழைய இயந்திரங்கள் இன்றைய பாதுகாப்பு விதிகளுக்கு முற்பட்டவை. இவற்றால் ஏற்படக்கூடிய ஆபத்துகள் பலவாகும்.

- மின்னதிர்ச்சி: பல இயந்திரங்களில் நிலத்தொடுப்பு இல்லை. ஈரத்தரையில் நின்று உலோக உடலைத் தொடுபவருக்கு இது உயிராபத்து. நிலக்கம்பியுடைய புதிய மின்வடமும், கசிவு மின்னோட்டத்தைக் கண்டு துண்டிக்கும் கருவியும் தேவை.
- பிழியுருளை: விரல், தலைமயிர், தொங்கும் உடை ஆகியவை உருளைகளுக்கு இடையே இழுக்கப்படலாம். சிறுவர்களுக்கு இவ்வாறு ஏற்பட்ட கைக்காயங்கள் மருத்துவ இலக்கியத்தில் தனிப்பெயருடன் விவரிக்கப்பட்டுள்ளன. அவசர விடுவிப்பு நெம்பு உடனே இயங்குகிறதா எனச் சோதிக்காமல் பயன்படுத்தக்கூடாது.
- சுழலும் கூடை: மூடியைத் திறந்தாலும் கூடை நிற்காத இயந்திரங்கள் உள்ளன.
- நச்சுப் பொருட்கள்: பழைய வெப்பக்காப்புகளிலும் தடைப்பட்டைகளிலும் கல்நார் இருக்கலாம். ஐக்கிய அமெரிக்காவில் 1979 ஆம் ஆண்டு தடை செய்யப்பட்ட பலகுளோரின் பைபினைல் எண்ணெய், அதற்கு முந்திய மின்தேக்கிகளில் இருக்கலாம். ஐயத்துக்குரிய காப்பை உலர்நிலையில் சுரண்டுவதோ, கசியும் மின்தேக்கியை வெறுங்கையால் தொடுவதோ கூடாது.
- வளிம உலர்த்தி: பழைய, பூச்சற்ற பித்தளை நெளிகுழாய்களின் இணைப்பு பிரிந்து வளிமம் கசியக்கூடும். இக்குழாயை மீண்டும் பயன்படுத்தாமல் மாற்ற வேண்டும். இயற்கை வளிமத்துக்கும் புரொப்பேனுக்கும் எரிவாய்த் துளையின் அளவு வெவ்வேறானது.
- பெட்ரோல் எந்திரம்: இதன் புகையில் கார்பனோராக்சைடு உள்ளது. மூடிய அறைக்குள் இயக்கக்கூடாது.

அமெரிக்க மின் உலர்த்தி 240 வோல்ட்டு மின்னழுத்தத்தில் ஏறத்தாழ 5 கிலோவாட் வரை மின்திறன் பெறுகிறது. முன்னர் இவை மூன்று கம்பி இணைப்பில் பொருத்தப்பட்டன. 1996 ஆம் ஆண்டின் தேசிய மின்விதித் தொகுப்பு, புதிய இணைப்புகளுக்கு நிலக்கம்பி தனியாக உள்ள நான்கு கம்பி முறையைக் கட்டாயமாக்கியது. பழைய உலர்த்தியை நான்கு கம்பிக்கு மாற்றும்போது, நடுநிலைக் கம்பியை உலோக உடலுடன் இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட வேண்டும்.

உதிரிப் பாகங்கள்

உற்பத்தி நிறுவனங்கள் கைமாறுவதும் மூடப்படுவதும் உதிரிப் பாகங்கள் கிடைப்பதைப் பாதிக்கின்றன. ஜெனரல் மோட்டார்ஸ் 1979 ஆம் ஆண்டில் பிரிஜிடேரை விற்றபின், அதன் தனித்துவமான இயந்திர வடிவமைப்பு கைவிடப்பட்டது. 2006 ஆம் ஆண்டில் மேடேக்கை விர்ல்பூல் வாங்கியது. நியூட்டன் தொழிற்சாலை 2007 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. பழுதுபார்ப்புக் கடைகளில் பயன்படாமல் எஞ்சியிருக்கும் பழைய கையிருப்பே பல பாகங்களுக்கு இன்று முதன்மையான மூலம். அக்கையிருப்பிலும் ரப்பர்ப் பாகங்கள் பெட்டிக்குள்ளேயே முதுமையடைந்து இறுகியிருக்கக்கூடும்.

மற்றொரு வழி, ஒரே மாதிரியான இரண்டு இயந்திரங்களை வாங்கி, ஒன்றைப் பிரித்து மற்றொன்றை முழுமையாக்குவதாகும். இம்முறையில் ஒவ்வொரு மீளமைப்பும் எஞ்சியுள்ள இயந்திரங்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கிறது. ஆகவே அரிய மாதிரிகளைப் பிரிப்பதைச் சேகரிப்பாளர்கள் பலர் தவிர்க்கின்றனர். வார்ப்பச்சு செய்து ரப்பர்ப் பாகங்களைப் புதிதாக வார்த்தல், முப்பரிமாண அச்சுமுறையில் குமிழ்களையும் கைப்பிடிகளையும் செய்தல் ஆகியன பிற வழிகள்.

மூலநிலையும் மாற்றங்களும்

மீளமைப்பில் எந்த அளவுக்கு மாற்றம் செய்யலாம் என்பதில் இரு நோக்குகள் உள்ளன. காட்சிக்கு வைக்கும் இயந்திரத்தில் மூலக் கம்பி, மூலப் பூச்சு, பயன்பாட்டுத் தேய்மானம் ஆகியவற்றை அப்படியே விடுவது ஒரு நோக்கு. அவ்வியந்திரத்தை மின்னிணைப்புக் கொடுத்து இயக்குவதில்லை. துணி துவைக்கப் பயன்படுத்தும் இயந்திரத்தில் கம்பி, நிலத்தொடுப்பு, குழாய்கள் ஆகியவற்றை இன்றைய தரத்துக்கு மாற்றுவது மற்றொரு நோக்கு. மாற்றிய பாகங்களைப் பெயரிட்டு இயந்திரத்துடன் பாதுகாத்தால், பின்னாளில் ஆய்வு செய்வோருக்கு மூலநிலை எது என்பது தெரியும்.

மின்வழங்கல் வேறுபாடு

வட அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட்டு, 60 ஹெர்ட்ஸ் ஆகும். ஐக்கிய இராச்சியம், இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளில் இது 230 வோல்ட்டு, 50 ஹெர்ட்ஸ். மின்மாற்றி மின்னழுத்தத்தை மட்டுமே மாற்றும், அதிர்வெண்ணை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்கான மின்னோடி 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் சுழல்வதோடு, கூடுதல் மின்னோட்டத்தை ஈர்த்து வெப்பமடையும். நேரக்கட்டுப்படுத்தியும் மெதுவாகச் செல்வதால், 10 நிமிடத் துவைப்பு 12 நிமிடமாகும். எனவே ஒரு நாட்டு இயந்திரத்தை மற்றொரு நாட்டில் இயக்க, மின்னோடியையும் நேரக்கட்டுப்படுத்தியையும் மாற்ற வேண்டும், அல்லது அதிர்வெண் மாற்றி பயன்படுத்த வேண்டும்.

நீர், ஆற்றல் பயன்பாடு

கலக்கியுடைய பழைய மேல்திறப்பு இயந்திரம் ஒரு முறை துவைக்க ஏறத்தாழ 150 லிட்டர் நீரைப் பயன்படுத்துகிறது. இன்றைய சிக்கன இயந்திரங்களுக்கு இதில் மூன்றில் ஒரு பங்கு அளவே போதுமானது. பழைய இயந்திரங்கள் பல குறைந்த வேகத்தில் பிழிவதால் துணியில் ஈரம் மிகுதியாகத் தங்கி, உலர்த்தியின் ஆற்றல் செலவும் கூடுகிறது. பிழியுருளை இயந்திரத்தில் அதே சோப்பு நீரில் முதலில் வெள்ளைத் துணிகளையும் அடுத்து நிறத் துணிகளையும் துவைக்கும் வழக்கம் இருந்ததால், அதன் நீர்ச்செலவு தானியங்கியை விடக் குறைவாக அமையலாம்.

பழுது நீக்கிய இயந்திரம் பல ஆண்டுகள் உழைக்கும். ஆயினும் அன்றாடம் பயன்படுத்தும்போது மாற்றுக் கிடைக்காத பாகங்களும் தேய்கின்றன. இதனால் சேகரிப்பாளர்கள் பலர் சில இயந்திரங்களை முறைவைத்து இயக்குகின்றனர். நெடுங்காலம் ஓடாமல் விடுவதும் அடைப்பு வளையங்களை உலரச் செய்து கசிவுக்கு வழிவகுக்கும் ஆதலால், அவ்வப்போது இயக்குவது பரிந்துரைக்கப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

- சலவை இயந்திரம்
- துணி உலர்த்தி
- மின்னோடி
- எனாமல் பூச்சு
- பேக்கலைட்டு